செகண்ட் ஷிப்ட் அப்பா

எங்கள் மகளுக்கு இரண்டே கால் வயது முடிந்தபோது அவளிடம் இருந்தவை இரண்டு சொற்கள். ஒன்று ‘ம்மா’. இன்னொன்று ‘ம்ம்’. இரண்டும் ஒன்றுதான், தனித்தனியாக எண்ணிப் பெருமைப்பட வேண்டாம் என்பாள் என் மனைவி.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் எங்களுக்கு ஒரு சின்னக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, வாசலில் வேப்பமரம், பின்பக்கம் யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன பலாமரம். நான் மைன்ஸில் ஃபிட்டர். வெட்டியெடுத்த மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட்டைப் பழுதுபார்க்கும் ஆட்களில் ஒருவன். மனைவி டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நான் திருநெல்வேலிப் பக்கம். அவள் கோபிசெட்டிபாளையம் பக்கம். இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிரசவ லீவு முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஊரிலிருந்து யாராலும் வந்து தங்க முடியவில்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

சூப்பர்வைசரிடம் போய், என்னை எப்போதும் செகண்ட் ஷிப்டிலேயே போடும்படி கேட்டேன். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிகிற ஷிப்ட் அது. கடைத்தெரு, சினிமா, வாலிபால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்பதால் யாருக்கும் பிடிக்காது. “கேட்டு வாங்குற மொத ஆளு நீதான்யா” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். மனைவிக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை டியூட்டி. ஆக, காலை முழுவதும் மகள் என் பொறுப்பு. ஒன்றேகாலுக்கு எனக்கு ஷிப்ட் பஸ். அதற்கும் மனைவி வீடு வந்து சேர்வதற்கும் நடுவில் இருந்த ஒரு மணி நேரத்தைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

அக்காவுடையது கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் பவர் ஹவுஸில் வேலை. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனதும் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் பிளாக்கில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவர் கையால் தைத்ததுதான்.

நான் அதிகம் பேசாதவன். பிறவியிலேயே அப்படியா, வேலை அப்படி ஆக்கியதா, தெரியவில்லை. பெல்ட் ஓடுகிற இடத்தில் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால்தான் பேசுவோம். உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்கு எங்கள் கை தெரிந்தால் போதும். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையால் காற்றை மெல்ல அமுக்கினால் நிதானமாக. மூடிய முஷ்டி என்றால் நிறுத்து, அப்படியே நிறுத்து. எட்டு மணி நேரம் இப்படி இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேச்சு எங்கிருந்து வரும்?

மகள் இதையெல்லாம் என்னிடமிருந்து எப்போது எடுத்துக்கொண்டாள் என்று சொல்லத் தெரியவில்லை. துணி காயப்போடும்போதும் கட்டிலை நகர்த்தும்போதும் என் கை தன்னால் அசைந்திருக்கும். ஒரு நாள் காலையில் அவள் என் காலடியில் வந்து நின்று, சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். தூக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து விரல் கீழே திரும்பியது. இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு வீடே அவள் விரலில் நடந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீர் சுட்டால் முஷ்டி. சோறு ஊட்டும் வேகம் கூடினால் உள்ளங்கை காற்றை அமுக்கும். இவளைப்போல ஒரு சிக்னல்மேன் எங்கள் செக்‌ஷனில் கிடையாது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். காலை முழுவதும் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. நாங்கள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏனுங்க, எக்ஸ்சேஞ்சுல என்ர பக்கத்துல உக்கார்றவளோட பையன் இவள விட ரெண்டு மாசம் சின்னவன். பாட்டே பாடறானுங்க. இவ ஒரு பேச்சாவது பேசோணுமா வேண்டாமா?”

“பேசுவா. அவசரம் என்ன இருக்கு?” என்றேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

விஷயம் இரண்டு ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. என் வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் கோயிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மகளோடு கொஞ்ச நேரம் விளையாடினார். பிறகு அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய் ஒரு ட்ரேயை ஸ்பூனால் தட்டினார். திரும்பினாள். இன்னொரு மூலையிலிருந்து மெல்லக் கிசுகிசுத்தார். அதற்கும் திரும்பினாள். “அந்தச் சேருக்கு அடியில பந்து இருக்கு பாரு, எடுத்துட்டு வா” என்றார். எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

“காது நல்லா இருக்கு. சொல்றதெல்லாம் புரியுது. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ கூட்டிட்டு வாங்க” என்றவர், “பகல்ல கொழந்த யார்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

“சரி. நீங்க அவகிட்ட நெறையப் பேசுங்க” என்றார் டாக்டரம்மா.

நான் தலையை ஆட்டினேன். மனைவி எங்கோ பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் ஒரு மணிக்கு மகளை விடப் போனபோது அக்கா தைத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரு என்னா சொன்னாங்க?”

“காது நல்லா இருக்காம்.”

“வேற?”

“பேசணுமாம்.”

“யாரு, புள்ளயா?”

“நான்.”

அக்கா மெஷினை நிறுத்தினார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. ஆறு மாசமா பாத்துகினுதான் இருக்கேன். நீங்க வாய மூடிகினு கைய ஆட்டுறீங்க. புள்ளயும் கைய ஆட்டுது. ஒடனே தூக்கிக்கிறீங்க. அதுக்கு வேணுங்கறதெல்லாம் கையாலயே கெடச்சிடுது. அப்பறம் அது எதுக்கு வாயத் தொறக்கணும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேனோ அதுதான் குழந்தையின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதிலும், அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது இன்னும் உறுத்தியது.

அடுத்த நாள் காலை பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். எதைப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. சமையலறையில் மகளை உட்காரவைத்து, ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டினேன்.

“இது கத்தரிக்கா.”

அவள் கத்தரிக்காயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கத்தரிக்காயைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கூடையிலிருந்து மற்றொன்றை எடுத்தேன்.

“இது... இன்னொரு கத்தரிக்கா.”

ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அக்கா. “பாடம் எடுக்காதீங்கண்ணா! நீங்க என்னா செஞ்சிகினு இருக்கீங்களோ, அத வாயால சொல்லிகினே செய்ங்க. அது போதும்.”

செய்வதைச் சொல்வது. அது எனக்குத் தெரிந்த வேலைதான். ஷிப்ட் மாறும்போது, அடுத்து வருகிறவரிடம் நிலவரம் சொல்லி ஒப்படைப்போம். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எதை மாற்றியாயிற்று, எது பாக்கி. ஒரு நாளில் நான் தடங்கல் இல்லாமல் பேசுகிற ஐந்து நிமிஷம் அதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“மணி ஏழரை. பால் காய்ச்சியாச்சு. பொங்கல. அரிசி களைஞ்சாச்சு. துணி சோப்புல ஊறுது, அலசணும். கத்தரிக்கா நறுக்கணும். பூனை ரெண்டு தடவ வந்துச்சு, வெரட்டியாச்சு. பாப்பா பல்லு தேச்சாச்சு. அப்பா இன்னும் சவரம் பண்ணல.”

மகள் கண் கொட்டாமல் கேட்டாள். மைன்ஸில் எந்தச் சார்ஜ்மேனும் என் நிலவரத்தை அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. முடிந்ததும் சுட்டுவிரல் மேலே போய்ச் சுழன்றது.

“தூக்குதேன். அப்பா பாப்பாவத் தூக்குதேன்” என்று சொல்லிக்கொண்டே தூக்கினேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் காலையில் நிலவரம். நாளாக ஆக அது நீண்டது. தேங்காய் துருவும்போது தேங்காயைப் பற்றி. வாளியில் தண்ணீர் நிரம்பும்போது அரை வாளி, முக்கால் வாளி, வழியப்போகுது, வழியுது. வீட்டு வேலை முடிந்ததும் அவளை சைக்கிளின் முன்கம்பியில் கட்டியிருந்த சின்ன சீட்டில் வைத்துக்கொண்டு புறப்படுவேன். மைன்ஸிலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலில் ஓடும் இடம் வரைக்கும் போவோம். “எருமை குளிக்கு பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது கரை ஏறிட்டு. அதுக்குக் குளிரும்போல.” எதிரே வருகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருவர் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி, “ஏம்ப்பா, நீ பேசுவியா?” என்று நிஜமாகவே கேட்டார். மூன்று வருஷமாக என்னோடு ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்.

அக்காவிடம் இருக்கிற ஒரு மணி நேரத்தில் மகளுக்கு வேறு வேலை. தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகள் ஒரு மூட்டை நிறைய இருக்கும். அதைக் கொட்டிவிட்டு, “அக்காவுக்கு மாம்பழக் கலரு எடுத்துக் குடு. அய்ய, அது சாமந்திக் கலரு. மயில் கழுத்து எங்க? கிளிப்பச்ச எங்க?” என்று கேட்டுக்கொண்டே மெஷினை மிதிப்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள். சிவப்பு, நீலம் என்ற பெயர்களைக் கேள்விப்படுவதற்கு முன்பே வெங்காயத்தோல் கலரும் வாடாமல்லிக் கலரும் அவளுக்குத் தெரிந்துவிட்டன. வாயைத்தான் திறக்கவில்லை.

மனைவி இரண்டேகாலுக்கு வருவாள். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான பேருக்கு நம்பர் கேட்டு இணைப்புக் கொடுத்த தொண்டை, கம்மியிருக்கும். அப்படியும் மகளை மடியில் போட்டுக்கொண்டு, “என்ர கண்ணு, என்ர சாமி, இன்னிக்கு அப்பன்கூட எங்க போனே, எருமை பாத்தியா” என்று கொஞ்சுவாளாம். இரண்டு தீப்பெட்டிகளை நூலால் கட்டி டெலிபோன் செய்து கொடுத்திருந்தாள். மகள் அதைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு மாதம் போனது. அக்கா இன்னொரு யோசனை சொன்னார். கை காட்டியதும் உடனே செய்யாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். செய்துபார்த்தேன். மகள் வந்து நின்று விரலைச் சுழற்றினாள். நான் தெரியாததுபோல நின்றேன். மறுபடி சுழற்றினாள். கை வலிக்கும் வரை சுழற்றினாள். பிறகு உதடு பிதுங்கியது. விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள். அவ்வளவு நாளும் சரியாக வேலை செய்த சிக்னல் அன்றைக்கு ஏன் செல்லவில்லை என்று அவளுக்கு எப்படிப் புரியும்? வாரி எடுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மனைவியிடம் சொன்னபோது அவள் தீர்மானமாகச் சொன்னாள். “புள்ளைய அழ வெச்சுப் பேச வெக்கறது வேண்டாமுங்க. அவ கேட்டதச் செய்ங்க. வாயாலயும் சொல்லிட்டே செய்ங்க. வர்றப்ப வரட்டும்.”

அதையே தொடர்ந்தோம்.

இன்னும் மூன்று வாரம் கழிந்திருக்கும். ஒரு காலை நேரம். அடுப்பில் பால் வைத்திருந்தேன். கரி அடுப்பு. கனல் ஒரு முறை ஏறிவிட்டால் நினைத்தபோது குறைக்க முடியாது. பாத்திரத்தைத்தான் இறக்க வேண்டும். அடுப்புக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அன்றைய நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் எனக்குப் பின்னால் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“மணி ஏழு. தண்ணி புடிச்சாச்சு. பீன்ஸ் பாதி நறுக்கியாச்சு. பால் அடுப்புல இருக்கு. இன்னும் பொங்கல.”

பின்னாலிருந்து ‘ம்ம்’ என்று கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து மேலே சொன்னேன். மறுபடி ‘ம்ம், ம்ம்’. அவள் முஷ்டியை மூடி நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நிறுத்து, அப்படியே நிறுத்து. என் முதுகுக்கு அது எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு, “இன்னும் பொங்கல. பொங்கினா அப்பா எறக்குவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பொங்கு!”

என் கையில் கத்தி நின்றது.

“ப்பா! பொங்கு! பாலு பொங்கு!”

திரும்பினால் பால் நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்துகொண்டிருக்கிறது. கனலில் விழுந்து உஸ்ஸென்று புகைகிறது. அவள் நிலைப்படியில் நின்று, முஷ்டியை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, என்னைத் திட்டுவதுபோலக் கத்திக்கொண்டிருக்கிறாள். நான் பாலை இறக்கவில்லை. அவளைத் தூக்கினேன். “ஆமாட்டி, பொங்குது! என் தாயே, பொங்குது! இன்னொரு தடவ சொல்லு!” பால் முழுவதும் வழிந்து தீர்ந்தது. வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். என்னவோ ஏதோ என்று அக்கா கையில் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

“பாலு பொங்கு” என்று மகள் அவரிடமும் புகார் சொன்னாள்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, “பேசிட்டியாடி ராசாத்தி” என்றவர், என் பக்கம் திரும்பி, “போங்க, அவங்களுக்குச் சொல்லுங்க மொதல்ல. இந்த அடுப்ப நான் பாத்துக்குறேன்” என்றார்.

தெருமுனைக் கூட்டுறவு ஸ்டோரில் ஒரு டெலிபோன் இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்த மேனேஜரிடம் கெஞ்சி ரிசீவரை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் அந்த நேரத்துக்கு மூன்று பேர் இருப்பார்கள். யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மனைவியே எடுத்தாள்.

“நம்பர் ப்ளீஸ்.”

 ரிசீவரை மகளின் காதில் வைத்தேன்.

“நம்பர் ப்ளீஸ்... ஹலோ? நம்பர் சொல்லுங்க.”

மகளுக்குக் கண் விரிந்தது. தீப்பெட்டியில் இத்தனை நாள் வராத அம்மா இந்தக் கறுப்புச் சாமானுக்குள் இருக்கிறாள். முதலில் சுட்டுவிரலை மேலே நீட்டி ரிசீவரிடம் சுழற்றிக் காட்டினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி. ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பார்த்தாள். ரிசீவரைப் பார்த்தாள். பிறகு வாயை அதில் ஒட்டிவைத்து, “ம்மா, பாலு பொங்கு” என்றாள்.

ரிசீவரை என் காதுக்குத் திருப்பினேன். “லைன்ல இருங்க, ப்ளீஸ்” என்று கேட்டது. உடனே இணைப்பு அறுந்துவிட்டது. மேனேஜர் என்ன என்பதுபோலப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். மனைவி பின்னால் சொன்னாள், அந்த நேரத்தில் போர்டில் நாலைந்து விளக்கு எரிந்ததாம். எதில் எதைச் செருகினோம் என்றே தெரியவில்லையாம். யாருக்கு யாரோடு இணைப்புப் போனதோ, இன்றுவரை கவலை என்று.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு மடை திறந்த கதை. சொன்னபடி மூன்றாம் மாதம் டாக்டரம்மாவிடம் போனபோது, மகள் அங்கிருந்த ஊசி, மருந்து, மேஜை மேலிருந்த கிளிப்பச்சைத் துணி வரைக்கும் எல்லாவற்றையும் விசாரித்தாள். “இனிமே வர வேண்டாம்” என்று அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

பேச்சு வந்ததே தவிர, அது எந்த ஊர்ப் பேச்சு என்பது யாருக்கும் பிடிபடவில்லை. காலையெல்லாம் என் திருநெல்வேலி, மத்தியானம் அக்காவின் கடலூர், மாலையில் அம்மாவின் கோபி. மூன்றையும் அவள் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிவிட்டாள். மூன்று வயது நடக்கும்போது என் மைத்துனர் கோபியிலிருந்து வந்தார். வாசலில் பையோடு நின்றவரை மகள்தான் வரவேற்றாள்.

“வாங்கோ மாமா. உள்ள வந்து குந்துங்க. அம்மா டூட்டிக்குப் போயிகினு இருக்காங்கல்லா. அப்பா கொழம்பு வெக்காவ. செத்த நேரத்துல சோறு உங்கோணும்.”

மைத்துனர் பையைக் கீழே வைக்கவில்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவு நம்பரை நிமிர்ந்து பார்த்தார். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. மாமா அன்று சாப்பிட்டதைவிடச் சிரித்ததுதான் அதிகம். ஊருக்குப் போனதும் இதை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார்.

மைத்துனர் வந்துபோன பிறகு ‘ஏன்’ என்ற சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. எருமைக்கு ஏன் சட்டை இல்லை. பலாப்பழம் ஏன் கிளையில் காய்க்காமல் அடிமரத்தில் காய்க்கிறது. பதில் தெரியாத கேள்விக்கு, “தெரியலியே, ரெண்டு பேரும் சேந்து பாப்போமா?” என்று சொல்லப் பழகினேன். பலாமரத்தடியில் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். பழத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். முக்கினாள், முனகினாள், அசைக்க முடியவில்லை. “கிளை பாவம்ப்பா, ஒடிஞ்சிடும்” என்று அவளே காரணம் கண்டுபிடித்தாள்.

ஒரு விடுமுறை நாள் மாலை, மூன்று பேரும் மைன்ஸ் பார்க்கப் போனோம். பள்ளத்தின் விளிம்பில், பார்க்க வருகிறவர்கள் நிற்பதற்குக் கம்பி வேலி போட்டு ஓர் இடம் வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அங்கே அழைத்துப்போய்க் காட்டுவது டவுன்ஷிப் வழக்கம். மைத்துனர் வந்தபோதுகூட எங்களுக்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. மனைவிக்கும் அதுதான் முதல் தடவை.

மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். கீழே எங்கோ ஆழத்தில் ராட்சத மெஷின் பொம்மைபோல நின்றது.

“அது என்னாப்பா?”

“மண்ணு வெட்டுத மெஷினு. அந்தச் சக்கரத்தச் சுத்தி வாளி வாளியாத் தெரியுதா? சுத்தச் சுத்த ஒவ்வொரு வாளியும் மண்ண அள்ளும்.”

“அள்ளி?”

“பெல்ட்டுல கொட்டும். அந்தா பாரு, நீளமா கோடு மாதிரி போகுதுல்லா, அதான் பெல்ட்டு.”

“நீங்க எங்க நிப்பீங்க?”

“அந்தக் கோடு மடங்குத எடத்துல சின்னதா ஒரு கொட்டகை தெரியுதா? அங்கன.”

“பயமா இருக்காதா?”

“மொத நாளு இருந்துச்சு” என்றேன். “மொத நாளு அப்பா மெஷினு ஏணியில பாதி ஏறிட்டு, மேலயும் போகாம கீழயும் எறங்காம நின்னுட்டேன். அப்பறம் மேல இருந்த ஒருத்தரு சிரிச்சாரு. ‘கீழ பாக்காத, என் மூஞ்சியப் பாரு’ன்னாரு. அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஏறிட்டேன்.”

பக்கத்தில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். “எனக்கு இதச் சொன்னதே இல்லீங்களே.”

“நீ கேக்கல.”

“கேட்டா மட்டும் சொல்லியிருப்பீங்களாக்கும்!”

மகளுக்கு எங்கள் வழக்கில் அக்கறை இல்லை. “இந்தப் பள்ளத்துல முன்ன என்னா இருந்துச்சு?”

“முந்திரிக்காடு இருந்துச்சு. வயலு இருந்துச்சு. சில எடத்துல ஊரும் இருந்துச்சு.”

“ஊருல இருந்தவங்க?”

“வேற எடத்துக்குப் போய்ட்டாங்க.”

“சந்தோசமா போனாங்களா?”

நான் பள்ளத்தைப் பார்த்தேன். எவ்வளவோ நாள் அதற்குள் இறங்கி ஏறியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. “தெரியலம்மா. அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றேன். “சரி, நாம போயி கேப்போம்” என்று அவள் ஒத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் தலைமேல் அவள் கன்னம் சாய்ந்தது. தோளிலிருந்து மெல்ல இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, அங்கிருந்த சிமெண்ட் திண்டில் உட்கார்ந்தேன். நன்றாகத் தூங்கிவிட்டாள்.

வெயில் இறங்கிப் பள்ளத்தின் மறுகரை பழுப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தது. இனிப் பேச ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளி உட்கார்ந்திருந்த மனைவி பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

“அந்த ஏணிக்கு மேல இருந்தவரு,” என்றாள். “அவரு இப்ப எங்க இருக்காருங்க?”

சொல்ல ஆரம்பித்தேன். அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. டவுன்ஷிப் பஸ் வந்து எங்களுக்கு எதிரே நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.